தொற்றுநோய்க் கணித மாதிரி தவறாக ஓடும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரையில் கணிதமும் புள்ளியியலும் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கும், சுகாதாரப் பணியில் இருந்துகொண்டே தரவுப் பகுப்பாய்வு கற்க வருபவர்களுக்கும் தொற்றுநோய் மாதிரியாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மடிக்கணினியோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "ஓடுது சார், ஆனா சரியா வரலை." அதற்குள் அவர்கள் பரவல் வீதத்தைக் குறிக்கும் பீட்டாவை இருபது முறையாவது ஏற்றி இறக்கியிருப்பார்கள். எங்கே பிழை என்று தெரியாமல் அளவுருக்களைத் திருகினால் வளைகோடு தரவின்மேல் உட்கார்ந்துவிடும். பிழை உள்ளேயே தங்கிவிடும். பிறகு அதே மாதிரியை அடுத்த வார்டுக்கோ அடுத்த ஆண்டுக்கோ ஓட்டும்போது, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தோடு களப்பணியாளர்கள் தேவையில்லாத தெருவுக்குப் போவார்கள். ஆகவே அளவுருவில் கை வைப்பதற்கு முன் அறிகுறியைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடிக்கடி நான் காணும் அறிகுறிகளையும், அவை ஒவ்வொன்றுக்கும் நான் எந்த வரிசையில் சோதிக்கிறேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தொற்றக்கூடியோர், தொற்றுற்றோர், மீண்டோர் என மக்களை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கும் எஸ்.ஐ.ஆர் மாதிரி வாசகருக்குத் தெரியும் என்று கொள்கிறேன். 1927-இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் வெளியிட்ட அந்தக் கோட்பாட்டில் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்ட தரவு, 1905–06-இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் வாராந்தர இறப்பு எண்ணிக்கை. மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவப் பணியாற்றி, கசௌலியில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். இக்கட்டுரையின் முடிவில் அவரிடம் மீண்டும் வருவேன்.

அறிகுறி: ஆட்களின் எண்ணிக்கை கழித்தல் குறியோடு வருகிறது

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் எக்செல் தாள் இது. ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு குடியிருப்பு. பீட்டா நாளொன்றுக்கு 0.5, குணமடையும் வீதமான காமா நாளொன்றுக்கு 0.2, தொடக்கத்தில் 10 பேருக்குத் தொற்று. பதிவுகள் வாரந்தோறும் வருவதால் காலப்படியையும் 7 நாளாக வைத்து, சமன்பாட்டை வரிசை வரிசையாகக் கீழே இழுத்துவிட்டிருந்தார். தொற்றுற்றோர் எண்ணிக்கை முதல் வாரத்தில் 31, பிறகு 90, பிறகு 233, நான்காம் வாரத்தில் 383 என ஏறியது. ஐந்தாம் வாரத்தில் தொற்றுற்றோர் கழித்தல் 9, தொற்றக்கூடியோர் கழித்தல் 37, மீண்டோர் 1,046. மூன்றையும் கூட்டினால் சரியாக 1,000. கூட்டுத்தொகை மாறாமல் இருந்ததால் மாதிரி சரி என்றே அவர் நம்பியிருந்தார். கழித்தல் குறியுள்ள கட்டங்களில் மட்டும் பூச்சியம் வருமாறு ஒரு நிபந்தனையும் எழுதத் தொடங்கியிருந்தார். அந்த நிபந்தனையை எழுதக் கூடாது. எழுதினால் பிழை கண்ணில் படாமல் போய்விடும்.

காரணம் ஒரு பெருக்கலில் இருக்கிறது. 0.2 என்பது நாள் வீதம். அதை 7 நாளால் பெருக்கினால் 1.4 வருகிறது. அப்படியானால், ஒரு வாரத்தில் நோயாளிகளில் 140 விழுக்காட்டினர் குணமடைய வேண்டும். வீதத்தை நிகழ்தகவாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. நாளுக்கு 0.2 என்ற வீதத்தில் ஒருவர் ஒரு வாரத்துக்குள் குணமடைவதற்கான நிகழ்தகவு, ஒன்றிலிருந்து e-யின் கழித்தல் 1.4 அடுக்கைக் கழித்தால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 0.75. காலப்படியைப் பத்தில் ஒரு நாளாகக் குறைத்து அதே தாளை ஓட்டியபோது எந்தப் பெட்டியிலும் கழித்தல் குறி வரவில்லை. கொள்ளைநோய் ஓய்ந்தபின் ஏறத்தாழ 106 பேர் தொற்றாமலே மிஞ்சினார்கள். இந்த எண்ணை, கொள்ளைநோய் முடியும்போது மொத்தம் எத்தனை பேரைத் தொற்று தொட்டிருக்கும் என்று தரும் இறுதி அளவுச் சமன்பாட்டைக் கொண்டு தனியாகவும் சரிபார்க்கலாம் என்பதால், நான் ஒவ்வொரு புதிய மாதிரியையும் முதலில் இந்தச் சோதனைக்கே உட்படுத்துகிறேன்.

சோதிக்கும் முறை எளிது. காலப்படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். வளைகோடு நகர்ந்தால் காலப்படி பெரிது. நகராத அளவுக்குக் குறைத்துக்கொண்டே போங்கள். பைத்தானிலோ ஆர் மொழியிலோ வேலை செய்பவர்கள் காலப்படியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆயத்தச் செயல்கூறுகளைப் பயன்படுத்துவது நல்லது. பதிவு வாரந்தோறும் வருகிறது என்பதற்காகக் கணக்கும் வாரத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அல்லது அதைவிட நுணுக்கமாகக் கணக்கிட்டு, ஏழு நாள் தொகையை மட்டும் பதிவோடு ஒப்பிடுங்கள்.

கழித்தல் குறி ஐந்தாம் வரிசையில் வராமல் முதல் வரிசையிலேயே வந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் பீட்டாவை மக்கள்தொகையால் வகுக்க மறந்திருப்பீர்கள். கூட்டுத்தொகையே மாறிக்கொண்டிருந்தால், ஒரு பெட்டியிலிருந்து வெளியேறிய ஓட்டம் அடுத்த பெட்டியில் சேரவில்லை. ஒவ்வொரு உறுப்பும் ஒரு முறை கழித்தலாகவும் ஒரு முறை கூட்டலாகவும் வருகிறதா என்று தாளில் எழுதி அடித்துக்கொண்டே வாருங்கள்.

அறிகுறி: நோய் கிளம்பவே இல்லை

தொடக்கத் தொற்று பூச்சியமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். அடுத்து பீட்டாவைக் காமாவால் வகுத்துப் பாருங்கள். ஆர்-நாட் எனப்படும் அந்த அடிப்படைப் பரவல் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் அடங்குவதுதான் சரியான விடை. இரண்டும் சரியாக இருந்தால் அலகுகளைப் பாருங்கள்: பீட்டா நாள் கணக்கிலும் காமா வாரக் கணக்கிலும் இருக்கக்கூடும்.

அறிகுறி: வளைகோடு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் அளவுருக்கள் நம்பும்படி இல்லை

இதுதான் மிகவும் ஏமாற்றும் அறிகுறி. பொருத்தம் நன்றாக இருப்பதால் யாரும் மேற்கொண்டு சோதிப்பதில்லை. என் அனுபவத்தில் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் வரும் பிழை. செய்திக்குறிப்பிலும் மருத்துவமனைப் பட்டியலிலும் வருவது அன்றைக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை. மாதிரியில் "தொற்றுற்றோர்" என்ற பெட்டியில் இருப்பதோ அன்றைய நிலவரப்படி நோயோடு இருப்பவர்கள் அனைவரும். நோய் சராசரியாக ஐந்து நாள் நீடித்தால் பின்னது முன்னதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்காக இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால், கணினி மக்கள்தொகையைச் சுருக்கியோ பதிவாகும் விகிதத்தைக் குறைத்தோ அந்த ஐந்து மடங்கை எப்படியாவது சரிக்கட்டிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. அந்த எண்ணை உள்ளிட்டால் பொருந்தாத மாதிரி அதில் ஒரு சிறு பகுதியை உள்ளிட்டதும் கச்சிதமாகப் பொருந்தினால், இந்தப் பிழையையே முதலில் சந்தேகியுங்கள். புதிய தொற்றுகளின் ஓட்டத்தைத் தனியாக ஒரு பெட்டியில் சேர்த்துக்கொண்டே வந்து, நாளுக்கு நாள் அதன் வேறுபாட்டை எடுத்துப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கொள்ளைநோயின் தொடக்கத்தில் தரவு நமக்குச் சொல்வது அது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற ஒரே ஒரு எண்ணை மட்டுமே. தொற்று ஏழு நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்க வீதம் நாளுக்கு ஏறத்தாழ 0.1. எஸ்.ஐ.ஆர் மாதிரியில் காமாவை 0.5 என்று வைத்தால் ஆர்-நாட் 1.2 ஆகிறது, 0.2 என்றால் 1.5, 0.1 என்றால் 2. காமா 0.2-ஆகவே இருக்க, ஐந்து நாள் உறைகாலம் (தொற்றியது முதல் பிறருக்குப் பரப்பத் தொடங்கும் வரையான காலம்) கொண்ட நான்காவது பெட்டி ஒன்றைச் சேர்த்தால் 2.25. நான்கு மாதிரிகளும் அதே தரவின்மேல் அதே நேர்த்தியோடு பொருந்தும். ஆனால் நான்கும் சொல்லும் எதிர்காலம் வேறு வேறு: ஆர்-நாட் 1.5 என்றால் கட்டுப்படுத்தாவிட்டால் இறுதியில் 58 விழுக்காட்டினரைத் தொற்று தொடும். 2 என்றால் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரை.

கணினியின் பொருத்தும் செயல்கூறு இவற்றில் ஒன்றைத் தேர்ந்து நான்கு தசம இலக்கத்தோடு தந்துவிடும் என்பதுதான் ஆபத்து. சோதிப்பதற்கு, தொடக்க மதிப்புகளை மாற்றி மாற்றிப் பத்து முறை பொருத்திப் பாருங்கள். பீட்டாவும் காமாவும் ஒவ்வொரு முறையும் வேறாக வந்து, அவற்றின் வேறுபாடு மட்டும் மாறாமலிருந்தால் தரவால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். அப்போது நோய் நீடிக்கும் காலத்தையும் உறைகாலத்தையும் மருத்துவ ஆய்வுகளிலிருந்து எடுத்து நிலைநிறுத்திவிட்டு, மீதமுள்ள ஒன்றை மட்டும் பொருத்த வேண்டும். அறிக்கையில் எது எடுத்துக்கொண்டது, எது கணக்கிட்டது என்று எழுத வேண்டும். இந்த ஒரு வரியை எழுதாத அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அறிகுறி: கடைசி வாரம் மட்டும் எப்போதும் இறங்குகிறது

மூன்று வாரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் "இந்த வாரத்திலிருந்து நோய் குறைகிறது" என்றே மாதிரி சொல்லும். காய்ச்சல் கண்ட நாளை அடிப்படையாகக் கொண்ட தரவில் இது தவறாமல் வரும். நேற்றுக் காய்ச்சல் கண்டவர் இன்னும் மருத்துவரிடமே போயிருக்க மாட்டார். போனவரின் பரிசோதனை முடிவு இன்னும் வந்திருக்காது. டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்-1 பரிசோதனையும் அதற்குப் பிறகு ஐ.ஜி.எம் எதிர்ப்பொருள் பரிசோதனையும் பயன்படுவதால், ஒரே வாரத்தில் நோயுற்ற இருவரின் முடிவுகள் வெவ்வேறு வாரங்களில் பட்டியலில் ஏறுகின்றன.

இதற்கு மாதிரிக்குள் மருந்து இல்லை. தரவை வைத்துக்கொள்ளும் முறையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வரும் பட்டியலைப் பழையதன்மேல் எழுதாமல், தேதியிட்டுத் தனித்தனிக் கோப்பாக வையுங்கள். ஒரு மாதம் கழித்து, ஒரு குறிப்பிட்ட நாளின் எண்ணிக்கை மறுநாள் எவ்வளவாக இருந்தது, பத்து நாள் கழித்து எவ்வளவாக வளர்ந்தது என்று ஒப்பிட்டால், கடைசி நாட்களில் எத்தனை விழுக்காடு விடுபடுகிறது என்பது தெரிந்துவிடும். அதைக் கொண்டு கடைசி நாட்களை உயர்த்திக் கணக்கிடலாம். அதற்கான தரவு இல்லாதவர்கள் கடைசிப் பத்து நாளைப் பொருத்தத்திலிருந்து விட்டுவிடுவதே நேர்மை. ஞாயிற்றுக்கிழமை பள்ளமும் திங்கட்கிழமை மேடும், தீபாவளி, பொங்கல் வாரச் சரிவுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏழு நாள் நகரும் சராசரி வாரப் பள்ளத்தை நீக்கும். பண்டிகைச் சரிவை நீக்காது.

அறிகுறி: டெங்குவின் உச்சம் மே மாதத்தில் வருகிறது

கொசு சார்ந்த மாதிரியில் வெப்பநிலையைச் சேர்ப்பவர்கள், வெப்பம் கூடக் கூடப் பரவலும் கூடும் என்று நேர்கோட்டில் எழுதிவிடுகிறார்கள். மதுரையில் கோடையில் பாதரசம் 40 பாகையைத் தொடும்போது மாதிரியும் உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஏடிஸ் எஜிப்தி கொசுவின் வழியாக டெங்கு பரவுவதற்கு மிக உகந்த வெப்பநிலை 29 பாகை செல்சியஸை ஒட்டியது. அதற்குமேல் கொசுவின் ஆயுள் குறைவதால் பரவல் சரியத் தொடங்குகிறது. ஆகவே வெப்பத்துக்கும் பரவலுக்கும் உள்ள தொடர்பை ஒரு மேட்டைப்போல, இருபுறமும் இறங்கும் வளைகோடாக எழுத வேண்டும்.

அதைத் திருத்தியவுடன் சிலருக்கு நேரெதிர் அறிகுறி வருகிறது: மழையை மட்டும் கொசுவுக்கு ஆதாரமாக வைத்த மாதிரியில் பிப்ரவரி முதல் ஜூன் வரை கொசுவே இல்லாமல் போகிறது. இதற்கு விடை மதுரையின் சந்துகளில் இருக்கிறது. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில், வீட்டு வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம், குளியலறையில் சிமெண்ட் தொட்டி, மாடியில் மூடி உடைந்த தொட்டி என்று தண்ணீர் எப்போதும் தேங்கியே இருக்கும். செல்லூரில் ஒரு வீட்டு டிரம்மைக் கடும் கோடையில் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார் ஒரு களப்பணியாளர். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. டார்ச்சை அணைத்துச் சிறிது நேரம் காத்திருந்தபோது ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கின. அன்றைக்கு முந்தைய பல வாரங்களில் அங்கே மழையே பெய்திருக்கவில்லை. அப்படிப்பட்ட தெருக்களுக்கான மாதிரியில், மழையால் வரும் இனப்பெருக்க இடங்களோடு சேமிப்புத் தண்ணீரால் வரும் நிலையான ஒரு பங்கையும் தனி உறுப்பாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு கூடும்போது அந்தப் பங்கு கூடும், குறையாது.

மழைக்கும் நோய்க்கும் இடையேயான தாமதத்தையும் இங்கேயே சரிபார்க்கலாம். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல். கொசுவுக்குள் வைரஸ் முதிர 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். அவர் பட்டியலில் ஏறச் சில நாள். ஒரே ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டிய அதே வாரத்தில் உங்கள் மாதிரியில் நோயாளிகள் உயர்ந்தால், இவற்றில் ஏதோ ஒரு காத்திருப்பைப் பெட்டியாகச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: புகை அடித்தாலும் அபேட் ஊற்றினாலும் மாதிரியில் ஒரே விளைவு

இரண்டையும் "கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கு" என்ற ஒரே வரியில் எழுதியிருந்தால் இப்படி வரும். அபேட் புழுவைக் கொல்வதால் கொசுவின் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி பாதியானால் பரவல் எண்ணும் பாதியாகும். வளர்ந்த கொசுவைக் கொல்லும் நடவடிக்கை அதன் ஆயுளைக் குறைக்கிறது. வைரஸ் முதிரும்வரை கொசு உயிரோடு இருந்தால்தான் பரப்ப முடியும் என்பதால், நாள் இறப்பு வீதம் 0.1-இலிருந்து 0.2 ஆகி, முதிரும் காலம் 10 நாளாக இருந்தால், கொசுவின் அடர்த்தி மாறாதபோதும் பரவல் எண் ஐந்து மடங்குக்கு மேல் குறைகிறது. மலேரியா குறித்து 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு எடுத்துக்காட்டிய முடிவு இது. ஆனால் அந்த இறப்பு வீதம் நாள்தோறும் நீடிக்க வேண்டும். ஒரு நாள் புகை அடித்துவிட்டு நிரந்தர இறப்பு வீதத்தை உயர்த்தி எழுதினால், நடக்காத பலனை மாதிரி காட்டும். இரண்டு நாளில் அந்த வீதம் பழைய நிலைக்குத் திரும்புமாறு எழுதுங்கள்.

அறிகுறி: மாவட்டம் முழுவதற்கும் ஒரே கூம்பு, பதிவிலோ இரண்டு

எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திக்கிறார்கள் என்ற அனுமானம் உடையும் இடம் இது. மூச்சுவழி பரவும் நோய்க்குச் சித்திரைத் திருவிழாவை மாதிரியில் சேர்ப்பவர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பீட்டாவை உயர்த்திவிட்டு மதுரையிலேயே உச்சத்தைத் தேடுகிறார்கள். வந்தவர்கள் அன்றிரவே மேலூருக்கும் வாடிப்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். நகரத்தையும் வட்டங்களையும் தனித்தனிப் பெட்டிகளாக்கி, பேருந்துப் போக்குவரத்தைக் கொண்டு அவற்றை இணைத்தால், இரண்டாவது கூம்பு உறைகாலம் கழித்துக் கிராமப்புறத்தில் எழுவதைக் காணலாம்.

அறிகுறி: யாருக்கும் நோயில்லாத ஊரில் நோய் மீண்டும் முளைக்கிறது

சிறிய ஊருக்கு மாதிரியை ஓட்டினால், கோடையில் தொற்றுற்றோர் 0.0003 என்று இறங்கி, மழைக்குப் பிறகு அதே துளியிலிருந்து பெரிய அலை எழும். ஆளில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு நோயுற முடியாது. தொடர்ச்சியான சமன்பாடு பூச்சியத்தைத் தொடாது என்பதால் வரும் பிழை இது. எண்ணிக்கை சில பத்துகளுக்குக் கீழே போகும் இடத்தில் சமன்பாட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு தொற்றையும் குலுக்கல்போல நிகழ்தகவால் தீர்மானிக்கும் மாதிரிக்கு மாற வேண்டும். ஆர்-நாட் 2 உள்ள நோயை ஒருவர் ஊருக்குக் கொண்டுவந்தால், அந்த எளிய மாதிரியில் பாதிக்குப் பாதி அது தானே அணைந்துவிடும். மூன்று பேர் கொண்டுவந்தால் அணைவதற்கான நிகழ்தகவு எட்டில் ஒன்று. ஆயிரம் முறை ஓட்டி, எத்தனை முறை அணைந்தது என்று எண்ணினால் இந்த விடைகள் வர வேண்டும். வராவிட்டால் குலுக்கலை எழுதிய வரியில் பிழை.

அறிகுறி: பூச்சியங்கள் மிகுதி

வீடு வீடாக எடுத்த கணக்கில், நோயே இல்லாத வீடுகள் மாதிரி எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் நோய் வந்த வீடுகள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும். 1926-இல் மெக்கென்ட்ரிக் இந்தியக் கிராமம் ஒன்றின் காலரா கணக்கில் எதிர்கொண்டது இதைத்தான். 223 வீடுகளில் 168 வீடுகளில் நோயில்லை. 32 வீடுகளில் ஒருவருக்கு. 16 வீடுகளில் இருவருக்கு. 6 வீடுகளில் மூவருக்கு. ஒரு வீட்டில் நால்வருக்கு. 223 வீடுகளுக்கும் சேர்த்துப் தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுப் பரவலான பாய்சான் பரவலைப் பொருத்தினால், ஒருவருக்கு நோய் வந்த வீடுகள் ஏறத்தாழ 58 இருக்க வேண்டும், இருந்தவை 32. மெக்கென்ட்ரிக் பூச்சியங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நோய் வந்த வீடுகளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டார். ஏறத்தாழ 93 வீடுகள் மட்டுமே ஆபத்துக்கு உள்ளாகியிருந்தன என்று வந்தது. அந்த 93-க்குப் பாய்சான் கணக்கு, நோயில்லாத வீடுகளில் தொடங்கி நால்வருக்கு நோய் வந்த வீடு வரை, முறையே 37, 34, 16, 5, 1 என்று தருகிறது. நோய் வந்த வீடுகளின் பதிவோடு வைத்துப் பாருங்கள். ஊரில் பல கிணறுகள் இருந்திருக்க வேண்டும், அவற்றில் ஒன்றில் மட்டும் நோய் கலந்திருக்க வேண்டும் என்று அவர் அதிலிருந்து ஊகித்தார்.

ஆகவே உங்கள் கணக்கில் பூச்சியங்கள் மிகுந்தால் நிகழ்தகவுப் பரவலை மாற்றுவதற்கு முன் களப்பணியாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த வீடுகள் எந்தக் குழாயில், எந்த ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பிடிக்கின்றன? பட்டியலில் பூச்சியம் என்று எழுதிய வீடுகளில் எவை உள்ளே போய்ப் பார்த்தவை, எவை கதவு பூட்டியிருந்தவை? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்ததும், பூட்டியிருந்த வீடுகளின் கட்டத்தில் உள்ள பூச்சியத்தை அழித்து, கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.